எல்லை கடந்த பிரசையும் கட்டாயக் காப்புறுதியும்

நோயுற்றவனுக்கு வைத்தியம் அளிப்பது சமுதாயத்தின் கடமை என்ற கருத்தை இன்று வெளிப்படையாக மறுப்பவர் அரியர். அக்கடமைக்கு வேண்டிய பணத்தை எவரிடமிருந்து, எவ்வகையில் திரட்டுவது என்று கேட்கும்போதே கருத்து வேற்றுமை தொடங்குகின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்கூற்றிலிருந்து ஐரோப்பிய நாடுகள் பல இவ்வினாவுக்குக் கண்ட விடை கட்டாயக் காப்புறுதி என்பதாகும். இளையவரும் முதியவரும், சுகதேகியும் பிணியாளரும் ஒரே நிதியிற் பணம் செலுத்த, நோய்ப்பட்டவர் அந்நிதியிலிருந்து வைத்தியம் பெறுவர். விரும்பியவர் மட்டும் சேரலாம் என்று விட்டால் நோயாளிகளே சேர்வர், நிதி வற்றிவிடும். ஆகவேதான் கட்டாயம் வேண்டப்பட்டது.

ஆயின் கட்டாயம் என்பது அரசின் அதிகாரத்தைப் பற்றி நிற்பது. அரசின் அதிகாரமோ அதன் நில எல்லையோடு நின்றுவிடுவது. நாற்பதாண்டுகள் கட்டுப்பணம் செலுத்திய ஒருவர் முதுமையிலே எல்லையைக் கடந்து பிறிதொரு நாட்டிற் சென்று வாழ்வாராயின், அவரோடு கூடச் செல்வது யாது? கடமையா, உரிமையா, இரண்டுமா, அன்றி இரண்டுமில்லையா? எம்மவர் ஒல்லாந்தர் என்று அறிந்த மக்களின் நாடாகிய நெதர்லாந்திலே 2006 ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த ஒரு சட்டம், இவ்வினாவை நூல்களிலிருந்து இறக்கி, வெளிநாடுகளில் வாழ்ந்த முதியோரின் ஓய்வூதியச் சீட்டிலே கொண்டுவந்து நிறுத்தியது. அதன் வரலாற்றை நாம் சற்று விரிவாக நோக்குதல் தகும்.

கட்டாய நோய்க்காப்புறுதியின் பிறப்பிடம் ஜேர்மனி. அதன் தந்தை என்று போற்றப்படும் பிஸ்மார்க் தொழிலாளரின் நண்பரல்லர். 1878 இலே சோஷலிஸ்டுகளின் சங்கங்களையும் பத்திரிகைகளையும் தடைசெய்யும் சட்டத்தைக் கொண்டுவந்தவர் அவரே. தடியால் மட்டும் இயக்கத்தை அடக்க முடியாது என்பதை உணர்ந்தபின், 1883 ஜூன் 15 ஆம் திகதி நோய்க்காப்புறுதிச் சட்டத்தை நிறைவேற்றுவித்தார். கட்டுப்பணத்தில் மூன்றில் இரண்டு பங்கைத் தொழிலாளரும் ஒரு பங்கை வேலைகொள்வோரும் செலுத்தினர். நோயுற்றவருக்குப் பதின்மூன்று வாரம்வரை உதவிப்பணம் கிடைத்தது. தொழிலாளரை அரசோடு பிணைப்பதே ஆக்கியோன் நோக்கம். எனினும் அந்நிதிகளின் நிருவாக சபைகளிலே தொழிலாளரின் பிரதிநிதிகள் பெரும்பான்மையாக அமர்ந்தமையால், தடைசெய்யப்பட்ட இயக்கத்தினர் பலர் அங்கேயே நிருவாகப் பயிற்சி பெற்றனர் என்பது வரலாற்றின் குறும்பு. தொழிற்றலத்தோடும் ஊரோடும் பிணைந்த நிதிகளாக அவை அமைந்தமை இங்கு மனங்கொள்ளத்தக்கது. நிலத்தோடு ஒட்டுதல் என்ற குணம் இவ்வாறு பிறவியிலேயே இச்சட்டங்களுக்கு வாய்த்தது. காப்புறுதி செய்தவர் வெளிநாட்டிலே தங்கும் காலத்தில் அவரது உரிமை உறங்கிக் கிடக்கும் என்ற விதி, ஒப்பந்தங்கள் தரும் விலக்குகளோடு, இன்றைய ஜேர்மன் சட்டத்திலும் உள்ளது.

நெதர்லாந்து இவ்வழியிற் செல்ல நெடுங்காலம் தயங்கியது. அங்கு பழைய கைவினைஞர் குழுக்களின் உதவிப் பெட்டிகளிலிருந்து வளர்ந்த நோய்நிதிச் சங்கங்கள் பல இருந்தன. சிலவற்றைத் தொழிலாளர் தாமே நடத்தினர். சிலவற்றை வைத்தியர்கள் நடத்தினர். வேறு சில வணிக முயற்சிகள். அரசு சட்டமியற்ற முனைந்தபோதெல்லாம், நிதியின் ஆட்சி எவர் கையில் இருப்பது என்ற சச்சரவு எழுந்தது. வைத்தியர் சங்கம் தன் தொழிற் சுதந்திரத்தைக் காட்டி எதிர்த்தது. தொழிலாளர் சங்கங்கள் தாம் கட்டியெழுப்பிய நிதிகளைக் கைவிட மறுத்தன. அமைச்சர் தல்மாவின் நோய்ச் சட்டம் 1913 இலே நிறைவேறிய போதிலும், 1930 இலேதான் நடைமுறைக்கு வந்தது. அதுவும் நோயுற்ற தொழிலாளியின் கூலி இழப்பை ஓரளவு ஈடுசெய்ததேயன்றி, வைத்தியச் செலவைத் தீண்டவில்லை.

இறுதியில் வைத்தியத்துக்கான கட்டாயக் காப்புறுதி எப்போது வந்தது? 1941 நவம்பர் முதலாம் திகதி. நாட்டை நாசிப் படைகள் ஆக்கிரமித்திருந்த காலத்திலே. அதே ஆண்டு பெப்ரவரி மாதத்தில் யூதர் வேட்டையாடப்படுவதைக் கண்டித்து அம்ஸ்டர்டாம் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். துப்பாக்கி வேட்டுக்களால் அது அடக்கப்பட்டது. அந்த ஆட்சியின் நிழலிலேதான், குறித்த வருமான எல்லைக்குக் கீழ்ப்பட்ட கூலியுழைப்பாளர் யாவரும் நோய்நிதியிற் சேரவேண்டும், கட்டுப்பணத்தில் அரைவாசியை வேலைகொள்வோர் செலுத்தவேண்டும், குடும்பத்தினர் தனிக் கட்டணமின்றி அடங்குவர் என்ற கட்டளை பிறந்தது. ஜேர்மனியின் முறைக்கு நெதர்லாந்தை ஒப்பாக்கும் எண்ணம் அதன் பின்னே நின்றது. விடுதலைக்குப் பின் ஆக்கிரமிப்பாளரின் கட்டளைகள் பலவும் தூக்கியெறியப்பட்டன; இது மட்டும் எறியப்படவில்லை. தொழிலாளர் அரை நூற்றாண்டாகக் கேட்டும் பாராளுமன்றம் தராத ஒன்றைப் பகைவன் கையால் வந்தது என்பதற்காக எவர் இழக்க விரும்புவர்? 1964 இல் நிறைவேறி 1966 இல் நடைமுறைக்கு வந்த நோய்நிதிச் சட்டமே அக்கட்டளையை அகற்றி அதன் இடத்தைப் பெற்றது. 1968 இல் நீடித்த நோய்களுக்கும் பராமரிப்பு இல்லங்களுக்குமான ஒரு பொதுக் காப்புறுதி நாட்டில் வாழும் அனைவருக்குமாக அமைந்தது.

ஆனால் நோய்நிதி எல்லோருக்கும் உரியதாகவில்லை. வருமான எல்லைக்கு மேற்பட்டோர், மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர், தனியார் கம்பனிகளிடம் காப்புறுதி செய்தனர். அங்கு விலை வயதையும் உடல்நிலையையும் பொறுத்தது. கம்பனி விரும்பினால் மறுக்கவும் செய்யலாம். ஒரே நாட்டில், ஒரே வைத்தியசாலையில், இருவகைப் பிரசைகள். நோயாளரின் கட்டிலிலும் வர்க்கக்கோடு வரையப்பட்டிருந்தது என்று சொன்னால் மிகையாகாது. இந்தக் கோடு பிற்காலத்தில் எல்லைக்கு அப்பாலும் நீண்டதை நாம் காணப்போகிறோம்.

இதற்கிடையில் நெதர்லாந்தின் தொழிற்சாலைகளுக்கும் கப்பற்றுறைகளுக்கும் ஆள் போதவில்லை. 1961 இல் ஸ்பெயினோடும், 1964 இல் துருக்கியோடும், 1969 இல் மொறொக்கோவோடும் ஆட்சேர்ப்பு உடன்படிக்கைகள் செய்யப்பட்டன. வந்தவர்கள் குறைந்த கூலிக்காரர். ஆகவே நோய்நிதிக்குள் வந்தனர். அவர்களுடைய மனைவி மக்கள் பெரும்பாலும் ஊரிலேயே இருந்தனர். உழைப்பவனின் கூலியிலிருந்து குடும்பத்துக்குமாகச் சேர்த்துக் கட்டுப்பணம் பிடிக்கும் அரசு, அந்தக் குடும்பம் அனற்றோலியா மலைக்கிராமத்தில் நோயுற்றால் என்ன செய்யும்? இதற்கு விடையாகவே 1966 இல் துருக்கியோடும் 1972 இல் மொறொக்கோவோடும் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தங்கள் எழுந்தன. ஆள் வேண்டுமாயின் அவரது குடும்பத்துக்கும் வைத்தியம் வேண்டும் என்று அனுப்பும் நாடு பேரம்பேசக்கூடிய நிலை அன்று இருந்தது.

ஐரோப்பாவுக்குள்ளே இப்பாதை இன்னும் முன்னரே வெட்டப்பட்டது. அதை வெட்டியவர் நிலக்கரித் தொழிலாளர் என்றே நாம் கூறுவோம். 1956 ஓகஸ்ட் 8 ஆம் திகதி பெல்ஜியத்தின் மார்சினெல் சுரங்கத்திலே தீ மூண்டது. மாண்டவர் 262 பேர். அவர்களுள் 136 பேர் இத்தாலியர். பிறநாட்டுச் சுரங்கத்துக்கு உழைக்க அனுப்பப்பட்டவனுக்கும் அவன் விட்டுச்சென்றோருக்கும் உரிமை எந்த நாட்டில் என்ற கேள்வியை அப்பிணங்கள் ஐரோப்பாவின் முன்னே கிடத்தின. அடுத்த ஆண்டு டிசெம்பரில் புலம்பெயர் தொழிலாளரின் சமூகப் பாதுகாப்புக்கான உடன்படிக்கை றோமிற் கைச்சாத்தானது. 1958 இல் அதுவே ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தின் மூன்றாம் இலக்க ஒழுங்குவிதியாயிற்று. 1971 இல் அதன் இடத்தை 1408 ஆம் இலக்க ஒழுங்குவிதி பெற்றது. ஓய்வூதியம் பெறுபவர் வேறோர் உறுப்புநாட்டிற் குடியிருந்தால், அந்நாட்டின் பிரசைகளைப் போலவே அங்கு வைத்தியம் பெறுவார். செலவை ஓய்வூதியம் தரும் நாடு ஏற்கும். அதற்காக அவரது ஓய்வூதியத்திலிருந்து கட்டுப்பணம் பிடிக்கவும் அந்நாட்டுக்கு உரிமையுண்டு. விதியின் சாரம் இதுவே. இத்தாலியத் தொழிலாளி கலாப்ரியாவுக்குத் திரும்பி இருமும்போது அவனைக் கைவிடாதிருப்பதற்காகப் போடப்பட்ட பாதை இது.

அப்பாதையிலே பின்னர் நடந்தவர்களோ வேறு வகையினர். 1990 இல் ஐரோப்பியச் சமூகம், போதிய வருவாயும் நோய்க்காப்புறுதியும் உடைய இளைப்பாறியோர் விரும்பிய உறுப்புநாட்டில் வதியலாம் என்று பணித்தது. வடகடலின் ஈரக்காற்றிலிருந்து தப்பி ஸ்பெயினின் கடற்கரைகளிலும் பிரான்சின் தென்மேற்குக் கிராமங்களிலும் வீடு வாங்கிய நெதர்லாந்தர் பலர். எல்லைக்கு அப்பால் நிலம் மலிவாக இருந்த பெல்ஜியத்திற் குடியேறியோரும் உளர். அவர்களுள் நோய்நிதி உறுப்பினராயிருந்தோர் முன்சொன்ன ஒழுங்குவிதியின் வழியே வைத்தியம் பெற்றனர். வசதி படைத்தோர் தம் பழைய தனியார் காப்புறுதியைக் கையோடு கொண்டு சென்றனர். அவர்களுக்கு அது நன்றாகவே இருந்தது. ஸ்பெயினில் வைத்தியம், வேண்டுமானால் றொட்டர்டாமில் வைத்தியம். கம்பனி பணம் கொடுக்கும்.

2006 ஜனவரி முதலாம் திகதி இந்த ஏற்பாடு குலைந்தது. லிபரல் கட்சியைச் சேர்ந்த அமைச்சர் ஹான்ஸ் ஹோகர்வோர்ஸ்ட் கொண்டுவந்த சுகாதாரக் காப்புறுதிச் சட்டம் நோய்நிதியையும் தனியார் காப்புறுதியையும் ஒன்றாக்கியது. நாட்டில் வாழும் அனைவரும் அடிப்படைக் காப்புறுதி எடுக்கவேண்டும். எந்தக் கம்பனியும் வயது, நோய் காட்டி எவரையும் மறுக்கக்கூடாது. எல்லோருக்கும் ஒரே விலை. இவை நல்லன. ஆனால் பொது உடைமையின் சாயல் கொண்டிருந்த நோய்நிதிகள் மறைந்து, இலாப நோக்குடைய கம்பனிகளுக்கும் இடமளிக்கும் போட்டிச் சந்தை அவற்றின் இடத்தைப் பெற்றது. கட்டாயப்படுத்துவது அரசு, விற்பது கம்பனி என்ற விசித்திரமான தொழிற்பிரிவினை இது. ஆளொருவருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ ஆயிரம் யூரோ நேர்க்கட்டுப்பணம். இதற்கு மேலாக வருமானத்தில் 6.5 வீதம், ஓய்வூதியத்தில் 4.4 வீதம். உழைப்பவரின் வீதாசாரப் பங்கை வேலைகொள்வோர் ஈடுசெய்தனர். இளைப்பாறியவருக்கு ஈடுசெய்வார் இல்லை.

வெளிநாட்டில் வாழ்ந்த இளைப்பாறியோரின் நிலை யாது? புதிய காப்புறுதி நாட்டில் வதிவோருக்கு மட்டுமே. ஆகவே அவர்கள் அதை வாங்க முடியாது. பழைய தனியார் ஒப்பந்தங்களைக் கம்பனிகள் முடித்துக்கொண்டன. இனி அவர்களும் பழைய நோய்நிதிக்காரரைப் போல ஒழுங்குவிதியின் கீழ் வருவர். குடியிருக்கும் நாட்டிலே படிவமொன்றைக் கொடுத்துப் பதிந்து, அந்நாடு தன் பிரசைகளுக்குத் தரும் வைத்தியத்தைப் பெறுவர். அதற்கான பங்களிப்பை நெதர்லாந்தின் காப்புறுதிச் சபை நிர்ணயிக்க, அது ஓய்வூதியத்திலிருந்தே கழிக்கப்படும். இவ்வகையினருக்கு ஒப்பந்த உரிமையாளர் என்று பெயரிட்டனர்.

பெயர் அழகியது. வாழ்க்கையில் அதன் பொருள் நாட்டுக்கு நாடு வேறுபட்டது. பிரான்சிலே வைத்தியரின் கட்டணத்தில் ஒரு பங்கை நோயாளியே கொடுக்கவேண்டும். அதை ஈடுசெய்யப் பிரெஞ்சுக்காரர் துணைக் காப்புறுதி எடுப்பர். பெல்ஜியத்திலும் நோயாளியின் பங்கு உண்டு. எழுபது வயதில் புதிதாகத் துணைக் காப்புறுதி தேடுவோருக்கு அது மலிவாகக் கிடைக்குமா? நாற்பதாவது வயதிலே சேர்ந்து முப்பதாண்டு பணம் கட்டிய கம்பனி, முதுமை வந்ததும் கைகழுவிற்று. தாய்நாட்டிலிருந்த ஒத்த வயதினரை எந்தக் கம்பனியும் மறுக்க முடியாது; எல்லைக்கு அப்பால் இருந்தவரை எந்தக் கம்பனியும் ஏற்கக் கடமைப்படவில்லை. இவ்விடயத்தில் முதியோரின் மனக்குறை நியாயமானது என்றே நாம் எண்ணுகிறோம்.

பங்களிப்பின் கணக்கு முறையையும் சொல்லவேண்டும். நெதர்லாந்தில் வாழ்வோர் செலுத்தும் தொகையை அடிப்படையாக வைத்து, அதை வதிவிட நாட்டுக் காரணி என்ற ஒரு பின்னத்தாற் பெருக்குவர். குடியிருக்கும் நாட்டில் ஆளொருவருக்கான சராசரி வைத்தியச் செலவு நெதர்லாந்தினதில் அரைவாசியானால், பங்களிப்பும் அரைவாசியாகும். ஸ்பெயினுக்கு ஒன்று, பெல்ஜியத்துக்கு ஒன்று, துருக்கிக்கு ஒன்று என ஆண்டுதோறும் பின்னங்கள் வெளியாகும். மொறொக்கோவின் பின்னம் மிகமிகச் சிறியது. கணக்கு நேர்மையானதே. ஆனால் அந்தப் பின்னத்தை வேறுவிதமாகவும் வாசிக்கலாம். றொட்டர்டாம் துறைமுகத்திலே ஒரே பாரத்தைச் சுமந்த இருவரில் ஒருவர் அங்கேயே தங்கி, மற்றவர் றிஃப் மலைக்குத் திரும்பினால், முன்னவர் உடலுக்கு ஒரு விலையும் பின்னவர் உடலுக்கு அதன் சிறு துண்டு விலையும் அரசாங்க அட்டவணையிலேயே குறிக்கப்படுகின்றன. குறைவாக வசூலிக்கிறார்கள் என்பது உண்மை. குறைவாகவே கிடைக்கிறது என்பதும் உண்மை.

புதிய ஏற்பாட்டை எதிர்த்துச் சிலர் வழக்காடினர். பெல்ஜியம், ஜேர்மனி, ஸ்பெயின், பிரான்சு, மால்ற்றா ஆகிய நாடுகளில் வாழ்ந்த இளைப்பாறியோர் அவர்கள். ஒழுங்குவிதி தந்தது ஓர் உரிமை; உரிமையை வேண்டாம் என்று விடவும் எமக்குச் சுதந்திரம் உண்டு; நாம் பதியவில்லை, ஆகவே எமது ஓய்வூதியத்திற் கைவைக்காதீர்கள் என்பது அவர்களது வாதம். சமூகப் பாதுகாப்பு வழக்குகளுக்கான நெதர்லாந்தின் மேன்முறையீட்டு மன்றம் 2009 இல் இக்கேள்வியை லக்சம்பேர்க்கிலுள்ள ஐரோப்பிய நீதிமன்றத்துக்கு அனுப்பியது. 2010 ஒக்டோபர் 14 ஆம் திகதி தீர்ப்பு வந்தது. ஒழுங்குவிதி கட்டாயமானது, விரும்பியவர் ஏற்கவும் விரும்பாதவர் விலகவும் அது கடைச்சரக்கன்று, பதியாதவரிடமிருந்தும் பங்களிப்பைக் கழிக்கலாம் என்று நீதிமன்றம் கூறிற்று. கூடவே ஒரு நிபந்தனையும் விதித்தது. 2006 க்கு முன்னர் செய்த ஒப்பந்தங்களால் இவர்கள் பெற்றிருந்த முழுமையான பாதுகாப்பின் தொடர்ச்சியிலே, நாட்டில் வதிவோருக்கும் வெளியில் வதிவோருக்கும் இடையே நியாயமற்ற வேறுபாட்டைச் சட்டம் உண்டாக்குமாயின், அது பிரசைகளின் சுதந்திர நடமாட்ட உரிமைக்கு முரணாகும். அத்தகைய வேறுபாடு உண்டா என்பதை நெதர்லாந்தின் மன்றமே ஆராயவேண்டும் என்றது. அந்த மன்றம் 2011 இல் வழக்காளிகளின் கோரிக்கையை ஏற்கவில்லை.

வழக்காளிகளின் வாதத்தில் இரு இழைகள் பின்னியிருந்தன. அவற்றைப் பிரித்துப் பார்க்காதவர் இவ்வரலாற்றைப் பிழையாகவே விளங்கிக்கொள்வர். ஒன்று, பழைய ஒப்பந்தத்தை இழந்ததன் துயரம். அதன் நியாயத்தை மேலே ஒப்புக்கொண்டோம். மற்றையது, பொதுநிதியிற் சேராதிருக்கும் உரிமை. இது 1941 க்கு முன்னரும் பின்னரும் வசதி படைத்தோர் பேசிவந்த பழைய பேச்சுத்தான். எல்லைக்கு உள்ளே அவர்களை நோய்நிதிக்கு வெளியே நிறுத்திய வருமானக்கோடு 2006 இல் அழிக்கப்பட்டது. எல்லைக்கு அப்பால் அந்தக் கோட்டைத் தொடர்ந்து காப்பாற்றித் தரும்படி கேட்டதாகவே இது முடிகிறது. சுரங்கத் தொழிலாளியின் பாதையிலே தம்மை நடத்துகிறார்கள் என்ற மனக்கசப்பு அதில் ஒலிக்கவில்லை என்று கூற எம்மால் இயலவில்லை. நோய்நிதி உறுப்பினராயிருந்த தையற்காரரும் தச்சரும் அதே ஸ்பெயினில் அதே படிவத்தோடு முன்னரே வாழ்ந்து வந்தார்கள் அல்லவா? அவர்களது படிவம் போதுமா என்று 2006 க்கு முன்னர் எந்தப் பத்திரிகை கவலைப்பட்டது?

ஒழுங்குவிதிகள் பின்னர் சற்றுத் திருந்தின. 2010 மே மாதத்தில் 1408 இன் இடத்தை 883 என்ற இலக்கமுடைய ஒழுங்குவிதி பெற்றபோது, வெளியில் வதியும் தன் ஓய்வூதியர் தாய்நாட்டுக்கு வந்தும் முழு வைத்தியம் பெறலாம் என்று ஏற்ற நாடுகளின் பட்டியலில் நெதர்லாந்தும் இடம்பெற்றது. இது சிறிய ஆறுதலன்று.

இதுகாறும் பேசியவை யாவும் ஒப்பந்தம் உள்ள நாடுகளின் கதை. ஒப்பந்தம் இல்லாத நாட்டுக்குச் செல்வோருக்குக் கதையே இல்லை. கழிப்பதும் இல்லை, கொடுப்பதும் இல்லை. நெதர்லாந்தின் வைத்திய ஒப்பந்தங்களின் பட்டியலை விரித்துப் பார்த்தால், ஐரோப்பிய நாடுகளை அடுத்துத் துருக்கி, மொறொக்கோ, துனீசியா, பழைய யூகோசிலாவியாவிலிருந்து பிரிந்த நாடுகள் சில, கேப் வேர்டே என்று அது செல்கிறது. ஆட்சேர்ப்பு நடந்த தடங்களை இப்பட்டியலிற் பெரிதும் காணலாம். மூன்று நூற்றாண்டு காலம் நெதர்லாந்தின் கரும்புத் தோட்டமாயிருந்து 1975 இல் சுதந்திரம் பெற்ற சுரினாம் அப்பட்டியலில் இல்லை. அங்கிருந்து வந்து, நெதர்லாந்துப் பிரசைகளாகவே வாழ்ந்து, உழைத்து, முதுமையிற் பரமரிபோவுக்குத் திரும்பும் ஒருவர் தம் கட்டாயக் காப்புறுதியை விமானமேறும் முன்னரே இழந்துவிடுகிறார். உழைப்பை விலைபேசி வாங்கிய நாட்டோடு ஒப்பந்தம் வேண்டியிருந்தது. உழைப்பைச் சவுக்காற் பெற்ற நாட்டோடு எதற்கு?

எம்மவர் செய்தியும் இவ்விடத்தில் வந்து சேர்கிறது. 1983 ஆம் ஆண்டின் வன்செயலின் பின்னர் நெதர்லாந்து, ஜேர்மனி, சுவிற்சர்லாந்து முதலிய நாடுகளிற் புகலிடம் தேடிய ஈழத் தமிழர் எந்த ஆட்சேர்ப்பு உடன்படிக்கையின் கீழும் சென்றவர்கள் அல்லர். அவர்களுக்காகப் பேரம்பேச எந்த அரசும் முன்வரவில்லை. எந்த அரசிடமிருந்து ஓடினார்களோ அதுவா பேசும்? உணவகங்களின் சமையற்கட்டிலும் தொழிற்சாலைகளிலும் முதியோர் இல்லங்களிலும் உழைத்துக் கட்டாயக் கட்டுப்பணம் செலுத்தினர். பலர் அந்நாடுகளின் பிரசைகளுமாயினர். அன்று இருபத்தைந்து வயதினராய்ச் சென்றவர்கள் இன்று ஓய்வூதிய வயதை அடைந்துவிட்டனர். சுவிற்சர்லாந்திலே 1994 டிசெம்பரில் மக்கள் வாக்களித்து ஏற்று, 1996 இல் நடைமுறைக்கு வந்த காப்புறுதிச் சட்டமும் வதிவையே அடிப்படையாகக் கொண்டது. வருமானத்தைப் பாராது ஆளுக்கு இவ்வளவு என்று கட்டுப்பணம் விதிக்கும் அச்சட்டத்தின் கீழ், வறியோருக்கு அரசு உதவித்தொகை உண்டெனினும், சமையற்காரரும் வங்கி முதலாளியும் ஒரே விலைப்பட்டியலையே பார்க்கின்றனர். ஆயினும் வெளியேறும்போது இருவரும் ஒருவரல்லர். வங்கி முதலாளிக்கு உலகம் முழுதும் செல்லும் தனியார் காப்புறுதி கிடைக்கும். சமையற்காரர் சுவிஸ் கடவுச்சீட்டோடு யாழ்ப்பாணத்தில் வந்து வதிவாராயின், வதிவு நீங்கியதும் கட்டாயக் காப்புறுதியும் நீங்கும். அவரது முதுமை ஓய்வூதியம் கடல் கடந்து வரும்; அவரது வைத்தியம் வராது.

வந்தவரை இங்கே எதிர்கொள்வது பொது வைத்தியசாலையின் நீண்ட வரிசை; அன்றேல் தனியார் வைத்தியசாலையின் விலைச்சிட்டை. நீரிழிவும் இருதய நோயும் சிறுநீரகக் கோளாறும் நாட்டெல்லையைப் பார்த்து நிற்பனவல்ல. நாற்பதாண்டுகளாகத் தாம் பணம் செலுத்திய நிதி அப்போது வேறு முதியோருக்கு வைத்தியம் அளித்துக்கொண்டிருக்கும். அது தவறு என்று நாம் சொல்லவரவில்லை. காப்புறுதி என்பது சேமிப்புப் பெட்டி அன்று, அந்தந்த ஆண்டின் பணம் அந்தந்த ஆண்டின் நோயாளிக்கே செல்லும். ஆனால் ஸ்பெயினுக்குப் போன நெதர்லாந்தருக்கு அந்த நிதி பின்தொடர்ந்து செல்ல வழி கண்டவர்கள், நெடுந்தீவுக்கு வரும் நெதர்லாந்தருக்கு வழி காணவில்லை. இருவரும் ஒரே கடவுச்சீட்டையே வைத்திருக்கிறார்கள். வழி காண்பதற்கு இரு அரசுகள் ஒரு மேசையில் அமரவேண்டும். தன் பிள்ளைகள் அனுப்பும் அந்நியச் செலாவணியை ஆண்டுதோறும் எண்ணிப்பார்க்கும் கொழும்பு அரசு, அவர்கள் முதுமையில் திரும்பிவரும்போது அவர்களது வைத்தியத்தை யார் ஏற்பது என்று எந்த ஐரோப்பிய அரசோடும் ஒப்பந்தம் செய்ததில்லை.

ஒரேயொரு வழி திறந்திருக்கிறது. அது திரும்பிப் போவது. நெதர்லாந்திலே மீண்டும் வதிவு கொண்ட நாளிலிருந்து எந்தக் கம்பனியும் அவரை, எத்துணை முதியவராயினும், எத்துணை நோயாளியாயினும், மறுக்க முடியாது. ஆதலால் போய்விடாமலும் இருந்துவிடாமலும் இரண்டுக்கும் நடுவே வாழவேண்டியவராகிறார். அந்நாட்டின் விதிப்படி, பன்னிரண்டு மாதத்தில் எட்டு மாதமோ அதற்கு மேலோ வெளிநாட்டில் தங்க இருப்பவர் தம் பெயரைக் குடிப்பதிவேட்டிலிருந்து நீக்கிக்கொள்ளவேண்டும். விமானச் சீட்டுக்குப் பணமுடைய முதியவர் ஏழு மாதம் வேப்பமரத்தின் கீழும் ஐந்து மாதம் மகனது மாடிவீட்டின் அறையிலுமாக ஆண்டைப் பங்கிட்டுக்கொள்ளலாம். பணமில்லாதவர் இரண்டிலொன்றைத் தெரிவு செய்யவேண்டும்.